மன்னரின் இடது காது

வரலாறு தன் மாமனிதர்களை ஒருநாளும் மறப்பதில்லை. மறைந்த மன்னருடைய பிறந்தநாள் விழாவுக்கு நினைவு நாணயம் வெளியிடுவதற்காக அமைக்கப்பட்ட குழுவின் முதல் கூட்டத்தில், தலைவர் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இப்படித்தான் ஆரம்பித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்த பிறகுதான், மன்னருடைய மூக்கு எப்படி இருந்தது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது என்ற விஷயம் மெல்ல வெளியே வந்தது.

பழைய அரண்மனையில் ஓவியங்கள் நிறையவே தொங்கின. ஆனால் எல்லாவற்றிலும் மன்னர் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பார்க்கிறவரின் மூக்கு என்பது ஓவியத்தில் இரண்டு நிழலும் ஒரு வெளிச்சப் புள்ளியும்தான். அதை வைத்துக்கொண்டு அது கூரானதா, சப்பையா, கிளி மூக்கா என்று சத்தியம் செய்ய முடியாது. காதுகளோ அலை அலையான முடிக்குள் ஒளிந்துகொண்டிருந்தன. நாணயத்துக்குப் பக்கவாட்டு முகம் வேண்டும். நாணயத்தில் நேராகப் பார்க்கிற மன்னருக்கு முதலில் மூக்குத்தான் தேய்ந்து போகும் என்பது நாணயச் சாலையில் எல்லோரும் அறிந்தது. இது வெல்வெட் பெட்டிக்குள் தூங்கப்போகிற நாணயம், தேயப்போவதில்லை என்றாலும் வழக்கத்தை விட முடியுமா?

"போர்க்களத்தில் புறமுதுகு காட்டாதவர் நம் மன்னர்!" என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

"பக்கவாட்டையும் காட்டலையே சார், அதுதான் இப்ப கஷ்டம்" என்றார் நாணயச் சாலை மேனேஜர்.

மன்னரின் கொள்ளுப்பேரனும் குழுவில் இருந்தார். நகரத்தின் பெரிய மெத்தைக் கடை அவருடையது. கடைப் பலகையில் ஒரு கிரீடம், அதற்குக் கீழே 'ராஜ உறக்கம்'. யாராவது இளவரசர் என்று கூப்பிட்டால் "அதெல்லாம் எதுக்குங்க" என்பார். கூப்பிடாவிட்டால் முகம் சுண்டிவிடும். குடும்ப ஜாடைதானே, இவர் மூக்கையே மாதிரியாக வைத்துக்கொண்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். குழு முழுவதும் திரும்பி அந்த மூக்கை ஒருமுறை பார்த்தது. பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனது.

கடைசியில் எல்லாம் உல்டாவின் தலையில் வந்து விழுந்தது. "பாத்து ஒரு மூக்கு போட்டுடுய்யா. கம்பீரமா. வெளியீட்டு விழா வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார் மேனேஜர்.

உல்டா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. அவர் அச்சு செதுக்குகிறவர். நாணயத்தில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். நாணயத்தில் இந்தப் பக்கம் பார்க்கும் முகம் அச்சில் அந்தப் பக்கம் பார்க்கும். எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் ஓடும். வாலிபத்தில் தொடங்கித் தலை நரைக்கிற வரைக்கும் உலகத்தைப் புரட்டிப் போட்டே பார்த்துப் பழகியவரிடம் போய் இடது எது, வலது எது என்று கேட்பது வீண். வாடகைக் காரில் ஏறினால் "லெஃப்ட்ல திருப்புங்க" என்று வாய் சொல்லும், கை வலப்பக்கம் நீளும். ஓட்டுநர் விழிப்பார். பின் இருக்கையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "அவர் சொல்றதைத் திருப்பிப் போட்டுக்கோங்க. சரியா வந்துரும்."

சரியாக வந்தும் விடும். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இப்படித்தான் போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த மனைவிதான் இப்போது வீட்டில் இல்லை. தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

விஷயம் சின்னதுதான். இடுப்பு வரைக்கும் இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரி கவனித்தாள். காய்கறிக் கடைக்காரர் கவனித்தார். மாடியில் இருக்கிற, கண் புரை விழுந்த பெரியவர் கூடக் கவனித்து, "முகம் மாறிப்போச்சேம்மா" என்றார். கட்டிய புருஷன் மட்டும் எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். அவள் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

அவர் அறையைச் சுற்றிலும் பார்த்தார். போகிற வழியில் பார்வை அவளையும் தொட்டுக்கொண்டுதான் போனது.

"கடிகாரத்தை மாத்திட்டியா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கண்ணை மூடுங்க."

மூடினார்.

"இப்பச் சொல்லுங்க. என் முகம் எப்படி இருக்கும்?"

மூடிய கண்ணுக்குள் அவர் தேடினார். மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. வெந்த அரிசியின் வாசனை வந்தது. அவளுடைய குரல் இருந்தது, நடக்கும்போது துணி உரசுகிற சத்தம் இருந்தது, கோபம் இருக்கிற திசை கூடத் துல்லியமாகத் தெரிந்தது. முகத்தை மட்டும் காணவில்லை.

"மூக்கு..." என்றார்.

"ம்?"

"இருக்கும்."

"அடேங்கப்பா! இத்தனை வருஷத்துல அதையாவது கண்டுபிடிச்சீங்களே. செத்துப்போன ராஜாவுக்குப் புருவத்துல ஒரு முடி கூடிப்போச்சுன்னா ராத்தூக்கம் வராது உங்களுக்கு. உசிரோட ஒருத்தி எதிர்ல உக்காந்திருக்கேன், என்னைப் பாத்தா கடிகாரம் ஞாபகம் வருதா?"

அவர் கண்ணைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூடியபடியே இருந்தார்.

"எப்பச் சொல்ல வருதோ, அப்பச் சொல்லி அனுப்புங்க. வர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார். பெட்டியின் ஜிப் இழுபட்ட சத்தத்தில் விளையாட்டு இல்லை.

தங்கை வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மச்சினிதான் எடுத்தாள்.

"மாமா, அக்கா பக்கத்துலதான் இருக்கா. பேச மாட்டாளாம். கண்ணு எப்படி இருக்கும்னு கேக்கச் சொல்றா."

வெகுநேரம் யோசித்தார். "ரெண்டு இருக்கும்னு சொல்லு."

அந்தப் பக்கம் ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி சிரிக்கவில்லை. சிரிக்காதவள் யார் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

அவருடைய வேலை அறை நாணயச் சாலையின் மேல்தளத்தில் இருந்தது. ஒரு சுவர் முழுவதும் ஜன்னல். கீழ்த்தளத்தில் அழுத்து இயந்திரங்கள் அடிக்கிற அடி தரை வழியாக ஏறி, நாற்காலிக் கால் வழியாக ஏறி, உட்கார்ந்திருக்கிறவரின் முதுகெலும்புக்குள் வந்து சேரும். கொஞ்ச நேரத்தில் அது இயந்திரத்தின் துடிப்பா, தன்னுடையதா என்பது குழம்பிப் போகும். பிற்பகலில் வெயில் சாய்ந்து உள்ளே வரும்போது பிளாஸ்டர் தூள் காற்றில் மிதந்துகொண்டு நிற்கும், விழ மனமில்லாதது போல. அந்தத் தூளுக்குள் உட்கார்ந்து, நாணயத்துக்குப் பெரிய மாதிரியாக வார்த்த, சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வெள்ளைப் பிளாஸ்டர் வட்டத்தில் அவர் மன்னரைத் தேடிக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களின் நகல்களிலிருந்து மன்னர்கள் அவரை நேராகப் பார்த்தார்கள். யாரும் உதவிக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. முதலில் கிரீடம் வந்தது, அது சுலபம். மீசை வந்தது, அதுவும் ஓவியத்தில் தெளிவாக இருந்தது. அலை அலையான முடி வந்தது. நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லாத வெள்ளை.

பாதித் தூக்கம் என்று சொல்ல முடியாது, பாதி விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கின. நெற்றியிலிருந்து ஒரு கோடு இறங்கியது. கண்ணுக்கு நேரே கொஞ்சம் தயங்கியது. பிறகு நீர் வழிவது போல மூக்கின் மேல் ஓடி, நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்து நின்றது. அந்த இடத்தில் அப்படித்தான் வளையவேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று விரலை யார் கேட்பது? இமையைக் கொஞ்சம் இறக்கி வைத்தார். தூங்கி எழுந்து இன்னும் கனவைவிட்டு முழுதாக வெளியே வராத கண். மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளத்தை மீசை மறைத்துவிடும். இருந்தாலும் மீசைக்கு அடியில் அதைச் செதுக்கிவிட்டுத்தான் மேலே மீசையை வைத்தார். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அது இல்லாமல் முகம் மூச்சு விடாது என்று தோன்றியது. கடைசியாக, முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் செருகினார். வேலையில் முனைகிற யாரும் செருகிக்கொள்வார்களே, அந்த மாதிரி. ஒரு காது வெளியே வந்தது. கருவியின் முனையால் மடலில் இரண்டு முறை தொட்டார், ஒன்றின் மேல் ஒன்று, மேலே இருப்பது சற்றுக் கோணலாக.

வெயில் போய்விட்டிருந்தது. மன்னர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல முகம், எங்கேயோ பார்த்த முகம் என்று நினைத்துக்கொண்டே உல்டா கையைக் கழுவப் போனார். மன்னரை ஓவியங்களில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருக்கும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

வெறும் வீட்டுக்குத் திரும்பினார். அவள் உட்காருகிற நாற்காலியின் மெத்தையில் இன்னும் ஒரு பள்ளம் இருந்தது. தொழில்முறையில் அவருக்கு அது புரிந்தது. பள்ளம் இருந்தால், அதை நிரப்புகிற மேடு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

குழு வந்து பிளாஸ்டரைப் பார்த்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். மெத்தைக் கடைக்காரர் ஓரடி பின்னால் போய், இரண்டடி முன்னால் வந்து, கைக்குட்டையை எடுத்தார்.

"அப்படியே... அப்படியே எங்க பெரியவர். இந்தக் கண்ணை நான் மறக்கவே மாட்டேன்" என்றார். அவர் பிறப்பதற்கு ரொம்பக் காலம் முன்பே மன்னர் போய்ச் சேர்ந்திருந்தார் என்பதை அந்த உருக்கமான நேரத்தில் யாரும் எடுத்துப் பேசவில்லை.

தலைவர் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார். "காதுல என்ன, ரெண்டு துளை?"

அப்போதுதான் உல்டாவும் அதைப் பார்த்தார். குழந்தையாக இருக்கும்போது காது குத்தியவர் கை நடுங்கி மேலே கோணலாகக் குத்திவிட்டார், அதற்குக் கீழே இன்னொன்று குத்த வேண்டியதாகிவிட்டது என்று கல்யாணமான புதிதில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, "அசிங்கமா இருக்கா?" என்று கேட்டும் இருக்கிறாள். அவர் பிளாஸ்டரைப் பார்த்தார். மீசை வைத்துக்கொண்டு, கிரீடம் வைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில், அவருடைய மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து சார்..." என்று வாயைத் திறந்தார்.

"இரு துளை மரபு!" என்றார் பேராசிரியர். கேள்வி விழுந்த இடத்தில் பதில் முளைக்காமல் இருந்தால் அவருக்குத் தாங்காது. "மூத்த வாரிசுக்கு மட்டும் இடது காதில் இரண்டு துளை. ஒன்று ஆட்சிக்கு, ஒன்று அறத்துக்கு. செதுக்கியவர் ஆழமாகப் படித்திருக்கிறார்."

"எங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றார் மெத்தைக் கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எல்லோரும் போன பிறகு உல்டா மேனேஜரைப் படிக்கட்டில் பிடித்தார். "சார், அது மன்னர் இல்ல சார்."

"பின்ன யாரு?"

"என் சம்சாரம்."

மேனேஜர் இரண்டு படி இறங்கினார், நின்றார், திரும்பினார். "இங்க பாருய்யா. மன்னர் யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நீ பேசாம இருந்தா அது மன்னர். வாயைத் திறந்தா நமக்கு வேலை இல்ல. அந்தம்மாவுக்கு ஆட்சேபணை உண்டா?"

"அவ வீட்டுலயே இல்ல சார்."

"நல்லதாப் போச்சு."

அச்சுச் சுருக்கும் இயந்திரத்தில் பிளாஸ்டர் முகத்தை மாட்டினார்கள். ஒரு முனையில் மழுங்கிய ஊசி ஒன்று முகத்தை மெல்லத் தடவிக்கொண்டே சுற்றும். மறுமுனையில் கூரான ஊசி அதே முகத்தைச் சின்ன எஃகுத் துண்டில் கீறிக்கொண்டே வரும். அவசரம் தெரியாத இயந்திரம். உல்டா ஸ்டூலைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊசி அவள் கன்னத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூக்கின் மேல் ஏறி, நுனியில் தயங்கி, இறங்கியது. இத்தனை பொறுமையாக ஒரு முகத்தைத் தொட முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இந்தப் பக்கம் பெரியவளாக இருந்தவள் அந்தப் பக்கம் தூரத்து ஊருக்குப் போய்விட்டவள் போலச் சிறுத்துப்போய், ஆனால் ஒன்றும் குறையாமல், எஃகுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகக்கூடப் பொறுக்காமல் போன் போட்டார்.

"அக்காகிட்டச் சொல்லும்மா. இப்பச் சொல்ல வருது. மூக்கு, கண்ணு, எல்லாம்."

"சொல்லுங்க மாமா, ஸ்பீக்கர்ல போடறேன்."

உல்டா வாயைத் திறந்தார். வெளியீட்டு விழா வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்தது. மூக்கைச் சொன்னால் மன்னரின் மூக்கைச் சொன்ன மாதிரி. அவர் நேர்மையான மனிதர். அவருடைய கஷ்டங்களில் பாதி அதனால் வந்தவை.

"இப்பச் சொல்லக்கூடாதும்மா. அரசாங்க ரகசியம்."

"அக்கா மூக்கா?"

"எல்லாந்தான்."

போன் கைமாறியது. இத்தனை நாளில் முதல்முறையாக மனைவியின் குரல் வந்தது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம். நான் ஒண்ணும் உங்களைத் தூக்குல போடப்போறதில்ல." வைத்துவிட்டாள்.

விழா நடந்தது. சிவப்புக் கம்பளம் போட்டிருந்தார்கள், அது மேடைக்கு ஒரு முழம் குறைவாக இருந்ததால் பிரமுகர்கள் கடைசியில் ஒரு தாண்டு தாண்டினார்கள். வரலாறு மறப்பதில்லை என்பதைத் தலைவர் மறுபடியும் சொன்னார். பேராசிரியர் இரு துளை மரபைப் பற்றி விரிவாகப் பேசினார். அதற்குள் மரபுக்கு வயது கூடியிருந்தது. மெத்தைக் கடைக்காரர் இடது காதில் இரண்டு துளை குத்திக்கொண்டு வந்திருந்தார். காது வீங்கிச் சிவந்து, கம்பளத்தோடு போட்டி போட்டது. வலியில் அவர் தலையைச் சாய்த்தே வைத்திருந்ததை எல்லோரும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். உல்டாவுக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மேடையில் வண்டிச் சக்கரம் அளவு நாணயத்தின் படத்தைத் திரை விலக்கிக் காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்றது. அத்தனை பேரும் தன் மனைவிக்கு எழுந்து நிற்பதை அவர் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

அதன் பிறகு நகரத்தில் எங்கே பார்த்தாலும் அவள்தான். பேருந்து நிறுத்தச் சுவரொட்டியில், வங்கிக் கண்ணாடியில், மெத்தை விளம்பரத்தில். வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு முகத்தின் கீழும் நடந்து போனார். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவளிடம் மட்டும் யாரும் இல்லாத நேரத்தில், "முடி வெட்டினது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அங்கே அவளுக்கு முடி நீளமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. வாசலில் பெட்டி. சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யார் வீட்டுக்கோ வந்தவள் போல. முன்னால் வெல்வெட் பெட்டி திறந்திருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரர் வரிசையில நின்னு வாங்கினாரு" என்றாள். "அவதான் முதல்ல பாத்தா. அக்கா, மீசையை மறைச்சுட்டுப் பாருங்கறா." சுண்டுவிரல் நகத்தை நாணயத்தின் மேல் வைத்தாள். "இது யாருங்க?"

அவர் உட்காரவில்லை. "நீதான்."

"மீசை எனக்கு எடுபடலை."

"மன்னருக்கு உண்டு. எடுக்க முடியாது."

"கண்ணை மூடுங்க."

மூடினார். இந்த முறை உள்ளே இருட்டாக இல்லை.

"மூக்கு?"

"நுனியில கொஞ்சம் கீழ பாக்கும். கோபம் வந்தா மட்டும் மேல பாக்கும்."

"கண்ணு?"

"இமை இறங்கி இருக்கும். இப்பத்தான் தூங்கி எழுந்த மாதிரி. தூங்காதப்பவும்."

"காது?"

"ரெண்டு துளை. மேல இருக்கறது கோணல். அசிங்கமா இல்ல."

"எந்தக் காது?"

"இடது" என்றார். படித்துவிட்டு வந்த ஒரே கேள்வி பரீட்சையில் வந்துவிட்டவனைப் போல, ஒரு நொடி கூடத் தயங்காமல்.

மேசைக்கு அந்தப் பக்கம், மூக்கால் விட்ட ஒரு மூச்சு கேட்டது. பின் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநருக்கு வழி சொல்வதற்கு முன்னால் அவள் அப்படித்தான் ஒரு மூச்சு விடுவாள்.

"பெட்டி வாசல்லயே கிடக்கு" என்றாள். "உள்ள எடுத்துட்டு வாங்க."

அவர் கண்ணைத் திறந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் எழுந்து ஜன்னலருகே போய், வெட்டின முடியை இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கழுவாமல் கிடந்த பாத்திரங்களைப் பார்த்தபடி நின்றாள். மேசையில் மன்னர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாரோ அதே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்கால வெயில் நேராக வந்து அவள் காதில் விழுந்தது.

இடது காதில் ஒரு துளைதான் இருந்தது.